சம்பளம் நிச்சயமில்லை, இன்சூரன்ஸ் ஃபார்ம்ல எந்த நம்பரைப் போடுறது?



டல்லாஸில் இருக்கும் என் தங்கச்சி ஜனவரி மாசம் ஒரு ராத்திரி போன் பண்ணினா. "அண்ணா, அவருக்கு வேலை போயிடுச்சு. கம்பெனி இன்சூரன்ஸும் டிசம்பரோட முடிஞ்சுது. மானியத்தோட ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்க அப்ளை பண்றேன். 2026 முழுக்க வீட்டு வருமானம் எவ்வளவுன்னு கேக்குது. அடுத்த மாசமே தெரியல, வருஷத்துக்கு எப்படிண்ணா சொல்றது?"

அமெரிக்காவில் இருந்து நம்ம சேனல் பார்க்கிற நிறைய பேருக்கு இந்தக் கேள்வி இருக்கும். அதனால அவங்க வீட்டுக் கணக்கையே எழுதுறேன்.

முதல்ல, இந்த மானியம் என்ன? 'ஒபாமாகேர்'னு சொல்றோமே, அந்தச் சட்டப்படி வாங்குற பாலிசிக்கு அரசு பிரீமியத்துல ஒரு பங்கைக் கட்டும். நீங்க சொல்ற வருமானத்தை வெச்சு முன்பணமா மாசாமாசம் கம்பெனிக்குப் போயிடும். வருஷம் முடிஞ்சு வரி தாக்கல் பண்ணும்போது, படிவம் 8962-ல நிஜ வருமானத்தோட ஒப்பிடுவாங்க. கம்மியா வாங்கியிருந்தா பாக்கி வரும், அதிகமா வாங்கியிருந்தா திருப்பிக் கட்டணும்.

2026-ல ரெண்டு விஷயம் மாறியிருக்கு. ஒண்ணு, கோவிட் காலத்துல கூட்டின மானியம் 2025 டிசம்பரோட முடிஞ்சுது. பழைய 400 சதவீதக் கோடு திரும்ப வந்துடுச்சு. மூணு பேர் குடும்பத்துக்கு அது 1,06,600 டாலர். ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் பூஜ்யம். ரெண்டாவது, முன்னாடி கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்க திருப்பிக் கட்டுறதுக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. 2026 வருமானத்துல இருந்து அது கிடையாது. கூடுதலா வாங்கினது முழுசும் திரும்பப் போகும். அதனால 'குத்துமதிப்பா போட்டுக்கலாம்' இப்போ செல்லாது.

சரி, கணக்குக்கு வருவோம். தங்கச்சிக்குப் பகுதிநேர வேலை, வருஷம் 24,000 டாலர். அங்கே இன்சூரன்ஸ் கிடையாது. மாப்பிள்ளைக்கு மாசம் 7,500 டாலருக்கு கான்ட்ராக்ட் கிடைச்சிருக்கு. ஜூன் வரைக்கும்தான் உறுதி.

இங்கே நான் கேட்ட முதல் கேள்வி: "இந்தியாவுல எஃப்டி இருக்கா?" "என்ஆர்ஈ தானே அண்ணா, அதுக்கு வரியே இல்லையே!" இந்தியாவுலதான் வரி இல்லை. அமெரிக்க வரிக்கு அது வருமானம், இந்த மானியக் கணக்குலயும் சேரும். ஊர்ல இருக்கிற வீட்டு வாடகையும், ஷேர் வித்த லாபமும் அப்படித்தான். அப்பா அம்மா அன்பளிப்பா அனுப்பின பணம் சேராது. அவங்களுக்கு வட்டி 2,500 டாலர்.

கான்ட்ராக்ட் பணத்துல லேப்டாப், இன்டர்நெட் மாதிரி தொழில் செலவைக் கழிக்கலாம். மாசம் 500 டாலர்னு வெச்சோம். சுயதொழில் வரியில பாதியையும் கழிக்கலாம். இப்போ மூணு கணக்கு போட்டோம்:

ஜூனோட நின்னா: சுமார் 65,500 டாலர்.
செப்டம்பர் வரை ஓடினா: சுமார் 85,000 டாலர்.
டிசம்பர் வரை ஓடினா: சுமார் 1,04,500 டாலர்.

"கம்மியா 65,500 போட்டுடலாமா?"னு கேட்டா. வேண்டாம்னேன். கையெழுத்துப் போட்டு, உண்மைன்னு உறுதி சொல்ற ஃபார்ம் அது. நியாயமா எது நடக்கும்னு நினைக்கிறீங்களோ அதைப் போடணும். கான்ட்ராக்ட் கடிதம், பழைய சம்பளச் சீட்டு, நம்ம கணக்குத் தாள் மூணையும் ஒரு ஃபோல்டர்ல வெச்சுக்கணும். அவங்க 85,000 போட்டாங்க.

இப்போதான் முக்கியமான இடம். மாப்பிள்ளைக்கு அக்டோபர்ல நிரந்தர வேலை கிடைக்குதுன்னு வைங்க. மாசம் 10,000 டாலர், இன்சூரன்ஸும் உண்டு. சந்தோஷம்தானே? ஆனா 85,000 கூட 30,000 சேர்ந்து 1,15,000 ஆயிடுச்சு. கோடு தாண்டியாச்சு! மானியம் வாங்கினது ஒன்பது மாசம்தான், ஆனா பார்க்கிறது முழு வருஷ வருமானம்.

அடிப்படை பிரீமியம் மாசம் 1,500 டாலர்னு எடுத்துக்குவோம். 85,000 வருமானத்துக்கு அவங்க பங்கு 9.96 சதவீதம், மாசம் சுமார் 705. மீதி 795 அரசு கட்டும். ஒன்பது மாசத்துக்கு 7,150 டாலர். அத்தனையும் வரி தாக்கல் அன்னைக்கு ஒரே தடவையா கட்டணும்.

இதுக்கு வழி இருக்கு. புது வேலையில அந்த மூணு மாசத்துல வரிக்கு முந்தைய 401கே-ல 9,000 டாலர் போட்டா, வருமானம் 1,06,050 பக்கம் வந்துடும். கோட்டுக்குக் கீழே! திருப்பிக் கட்டுறது 7,150-ல இருந்து சுமார் 1,575 டாலரா குறையும். அந்த 9,000-மும் உங்க ஓய்வுக்காலப் பணமாவே இருக்கும். ஆனா இதை டிசம்பருக்குள்ள செஞ்சாகணும். ரோத் 401கே-ல போட்டா வருமானம் குறையாது, கவனம்.

நான் தங்கச்சிக்குச் சொன்னது இவ்வளவுதான்:

1. வருமானம் மாறினா 30 நாளுக்குள்ள அப்டேட் பண்ணு. கம்பெனி இன்சூரன்ஸ் கிடைச்சா உடனே மானியத்தை நிறுத்து.
2. கிடைக்கிற மானியம் முழுசையும் முன்பணமா வாங்கணும்னு கட்டாயமில்லை. மாசம் 500 மட்டும் எடு. மீதி உரிமை இருந்தா வரி தாக்கல்ல வரும்.
3. மூணு மாசத்துக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் போடு. டிசம்பர்ல ஷேர் விக்கிறதுக்கு முன்னாடி கோட்டைப் பாரு.

ரொம்பக் கம்மியா போனாலும் சிக்கல்தான். டெக்சாஸ் மாதிரி மெடிகெய்டை விரிவாக்காத மாநிலத்துல, மூணு பேருக்கு 26,650 டாலருக்குக் கீழே எதிர்பார்த்தா பொதுவா இந்த மானியம் கிடைக்காது.

எச்1பி விசாவுல இருக்கிறவங்க ஒண்ணு குறிச்சுக்கோங்க: 2027 ஜனவரி முதல் இந்த மானியம் உங்களுக்கு இல்லை. கிரீன் கார்டு இருக்கிறவங்களுக்குத் தொடரும். நான் இந்திய சிஏ. அதனால கடைசியா தாக்கல் பண்றதுக்கு முன்னாடி அங்கே இருக்கிற ஒரு வரி ஆலோசகர்கிட்ட காட்டிடுங்க.

தங்கச்சி ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கா: '1,06,600'. அவ்வளவுதான் எழுதியிருக்கு. உங்க குடும்பத்துக்கு உண்டான நம்பரை நீங்களும் எழுதி ஒட்டுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!