யார் ஃபிரெஷர்: பனாரினா, மெக்டேவிட்டா?

ஒரு சின்ன கற்பனை. செகண்ட் இயர்ல லேட்டரல் என்ட்ரியில ஒரு அண்ணன் உங்க கிளாஸுக்கு வர்றார். பாலிடெக்னிக் முடிச்சு, ரெண்டு வருஷம் ஒரு கம்பெனியில லேத் ஓட்டினவர். மெஷின் லேபோட முதல் நாள், நீங்க சக்குல ராடை மாட்டவே தடுமாறிட்டு இருக்கீங்க. அவர் ஜாபை முடிச்சுட்டு வேஸ்ட் துணியில கையைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறார். செமஸ்டர் கடைசியில "லேபோட சிறந்த புதுமுகம்"னு ஒரு ஷீல்டு கொடுத்தா, அதை யாருக்குக் கொடுக்கணும்? இந்த லேபுக்கு ரெண்டு பேருமே புதுசுதானே?

இந்தக் கேள்வியை வெச்சு வட அமெரிக்காவுல ஒரு சீசன் முழுக்க சண்டை போட்டாங்க. நாம பேசப்போறது டர்ஃப்ல ஆடற ஹாக்கி இல்ல, பனித்தளத்துல ஆடற ஐஸ் ஹாக்கி. அதோட பெரிய தொடர் நேஷனல் ஹாக்கி லீக், சுருக்கமா என்எச்எல். அங்க ஒவ்வொரு வருஷமும் சிறந்த புதுமுகத்துக்கு கால்டர் கோப்பை கொடுக்கிறாங்க. லீகோட முதல் தலைவர் ஃபிராங்க் கால்டர் பேர்ல இருக்கிற விருது இது. நம்ம ஐபிஎல்-ல எமர்ஜிங் பிளேயர்னு ஒண்ணு இருக்கே, அது மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா மவுசு அதைவிட ரொம்ப ஜாஸ்தி.

எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க?

ஹாக்கி எழுத்தாளர்கள் சங்கத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர்கள்தான் ஓட்டுப் போடுவாங்க. ஒவ்வொருத்தரும் அஞ்சு பேரை வரிசைப்படுத்தணும். முதல் இடத்துக்கு 10 புள்ளி, அடுத்தடுத்து 7, 5, 3, 1. எல்லாத்தையும் கூட்டி அதிகம் வாங்கினவருக்கு விருது.

ஒரு வீரரோட கணக்கு இன்னும் எளிமை. கோல் அடிச்சா ஒரு பாயிண்ட். கோலுக்கு உதவினா, அதாவது அசிஸ்ட் பண்ணா, அதுக்கும் ஒரு பாயிண்ட். 2015-16 சீசன்ல ஒரு டீமுக்கு 82 மேட்ச். இவ்வளவு தெரிஞ்சா போதும், நீங்களும் சண்டையில இறங்கலாம்.

2015-16: மூணு பேர், மூணு கதை

முதல் ஆள் கானர் மெக்டேவிட், எட்மன்டன் ஆயிலர்ஸ். சீசன் ஆரம்பத்துல வயசு 18. அந்த வருஷ டிராஃப்ட்ல முதல் தேர்வு. ஸ்கூல் பையன் வயசுலயே "அடுத்த சகாப்தம்"னு பேர் வாங்கினவர். 13-ஆவது மேட்ச்ல, 2015 நவம்பர் 3-ஆம் தேதி, வேகமா போய் ஓரப் பலகையில மோதி இடது காறை எலும்பு உடைஞ்சது. பிப்ரவரியிலதான் திரும்பினார். மொத்தம் 45 மேட்ச், 48 பாயிண்ட்.

ரெண்டாவது ஆர்தெமி பனாரின், சிகாகோ பிளாக்ஹாக்ஸ். ரஷ்யாக்காரர். எந்த டீமும் டிராஃப்ட்ல எடுக்காதவர். ரஷ்யாவோட பெரிய லீகான கேஎச்எல்-ல பல சீசன் ஆடி, 2015-ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டீமோட ககாரின் கோப்பையும் ஜெயிச்சுட்டு வந்தவர். அக்டோபர்ல 24 வயசு முடிஞ்சது. 80 மேட்ச், 30 கோல், 47 அசிஸ்ட், 77 பாயிண்ட்.

மூணாவது ஷேன் கோஸ்டிஸ்பேர், ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ். இவர் டிஃபென்டர். சீனியர் ஒருத்தர் காயப்பட்டதால நவம்பர்ல கீழ் லீக்ல இருந்து மேல வந்தார். 64 மேட்ச்ல 46 பாயிண்ட். அதுல தொடர்ந்து 15 மேட்ச்ல பாயிண்ட் எடுத்து, புதுமுக டிஃபென்டர்கள்ல புது சாதனை.

இப்ப பேனாவை எடுங்க. யாரை முதல்ல எழுதுவீங்க?

சராசரியா, மொத்தமா?

மெக்டேவிட் கட்சிக்காரங்களோட முதல் ஆயுதம் சராசரி. 48-ஐ 45-ஆல வகுத்தா மேட்சுக்கு 1.07. பனாரினுக்கு 0.96. கோஸ்டிஸ்பேருக்கு 0.72. அதே வேகத்துல 82 மேட்சும் ஆடியிருந்தா மெக்டேவிட் 87 தாண்டியிருப்பார். "காயம் பட்டது அவர் தப்பா?"ன்னு கேட்பாங்க.

தப்பு இல்லதான். ஆனா ஆடாத 37 மேட்சுக்கு எப்படி மார்க் போடறது? இங்க நம்ம இன்ஜினியரிங் மூளையைக் கொஞ்சம் யூஸ் பண்ணலாம். மெக்டேவிட் இல்லாத நாள்ல அவர் இடத்துல வேற யாரோ ஆடியிருப்பாங்க இல்லையா? அந்த மாற்று ஆள் மேட்சுக்கு r பாயிண்ட் எடுக்கிறார்னு வெச்சுக்கோங்க. அப்போ அந்த இடத்துல இருந்து டீமுக்குக் கிடைச்சது 48 + 37r. பனாரின் ரெண்டு மேட்ச்தான் ஆடலை. அவர் இடத்துக்கு 77 + 2r.

ரெண்டும் சமமாகணும்னா 35r = 29. அதாவது r கிட்டத்தட்ட 0.83.

இது என்ன சொல்லுது? மெக்டேவிட்டுக்குப் பதிலா பெஞ்ச்ல இருந்து வர்றவர் மேட்சுக்கு 0.83 பாயிண்ட் எடுத்தாதான் கணக்கு சரியாகும். ஒரு முழு சீசனுக்கு அது 68 பாயிண்ட். அப்படிப்பட்ட ஆளை எந்த டீமும் பெஞ்ச்ல உட்கார வைக்காது. r-க்கு 0.3-னு நியாயமான ஒரு மதிப்பு போட்டுப் பாருங்க. மெக்டேவிட் பக்கம் 59, பனாரின் பக்கம் கிட்டத்தட்ட 78. இடைவெளி 18-க்கு மேல.

உண்மையைச் சொல்லிடறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்காரும்போது நான் மெக்டேவிட் கட்சி. இந்த ஒரு வரி சமன்பாடுதான் என்னை மாத்துச்சு. யார் திறமைசாலின்னு கேட்டா சராசரி பதில் சொல்லும். யார் இந்த சீசன்ல அதிகம் செஞ்சாங்கன்னு கேட்டா சராசரி மட்டும் போதாது.

"கேன் பக்கத்துல நின்னா நானும் அடிப்பேன்"

பனாரின் மேல வெச்ச ரெண்டாவது குற்றச்சாட்டு இது. அவரோட லைன்ல ஆடினவர் பேட்ரிக் கேன். அந்த சீசன்ல 106 பாயிண்ட் எடுத்து, லீகோட ஹார்ட் கோப்பையையும் வாங்கினவர். மெக்டேவிட் டீமோ 30 டீம்ல 29-ஆவது. குரூப் புராஜெக்ட்ல டாப்பர் டீம்ல மாட்டின பையனுக்கு மார்க் சும்மா வராதான்னு கேட்கிற மாதிரிதான்.

இந்த வாதத்துல நியாயம் இருக்கு. ஆனா கேன் அதுக்கு முன்னாடி எந்த சீசன்லயும் 100-ஐத் தொட்டதில்ல. பனாரின் வந்த வருஷம்தான் தொட்டார். யார் யாரைத் தூக்கினாங்கன்னு அப்போ ஓட்டுப் போட்டவங்களால பிரிச்சுப் பார்க்க முடியல. பதில் ரெண்டு வருஷம் கழிச்சு வந்துச்சு. பனாரினை கொலம்பஸ் டீமுக்கு மாத்தினாங்க. கேன் இல்லாம 2017-18-ல அவர் எடுத்தது 82 பாயிண்ட்.

கோஸ்டிஸ்பேரை மறந்துடாதீங்க. டிஃபென்டரோட முதல் வேலை எதிராளி கோலைத் தடுக்கிறது. அதனால அவரோட 46-ஐ ஃபார்வர்டோட 77 பக்கத்துல அப்படியே வைக்கிறது சரியில்ல. அதுக்கு முந்தின வருஷம் ஆரன் எக்பிளாட்ங்கிற டிஃபென்டர் 39 பாயிண்ட்தான் எடுத்தார். கால்டர் அவருக்குத்தான் போச்சு.

அசல் சண்டை: புதுமுகம்னா யாரு?

இப்ப லேட்டரல் என்ட்ரி அண்ணன்கிட்ட திரும்புவோம். "ஏற்கனவே சம்பளம் வாங்கி ஆடினவர் எப்படிங்க புதுமுகம்?" இதுதான் உண்மையான மனக்கசப்பு. இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு.

1979-80-ல வெயின் கிரெட்ஸ்கி என்எச்எல்-க்கு வந்தார். வயசு 18. 137 பாயிண்ட் எடுத்து லீகோட முதலிடத்தை இன்னொருத்தரோட பகிர்ந்துகிட்டார். ஆனா கால்டர் கிடைக்கல, போட்டியிலயே சேர்க்கல. காரணம், முந்தின வருஷம் டபிள்யூஎச்ஏ-ங்கிற போட்டி லீக்ல ஆடிட்டாராம். விருது ரே போர்க்குக்குப் போச்சு.

பத்து வருஷம் கழிச்சு 1989-90-ல செர்ஜி மகரோவ் வந்தார். வயசு 31. சோவியத் அணியோட பெரிய நட்சத்திரம். ஒலிம்பிக் தங்கம் எல்லாம் பார்த்துட்டு வந்தவர். 86 பாயிண்ட். கால்டர் அவருக்கு! ரெண்டாவதா வந்த மைக் மொடானோ டீன் ஏஜ் தாண்டாத பையன், 75 பாயிண்ட். ஒரே கூச்சல். உடனே விதியை மாத்தினாங்க. சீசன் தொடங்கற வருஷத்தோட செப்டம்பர் 15-ல 26 வயசு ஆகியிருக்கக் கூடாது. இன்னிக்கும் அந்த விதிதான்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மகரோவ் லேட்டா வந்தது அவர் இஷ்டமா? சோவியத் வீரர்களை வெளிநாட்டு லீக்ல ஆட அரசாங்கம் விடல. 1989-லதான் அந்தக் கதவு திறந்துச்சு. இருபது வயசுல வரவிடாம தடுத்துட்டு, முப்பத்தொண்ணுல வந்ததும் "உனக்கு வயசாயிடுச்சு, நீ புதுசு இல்ல"ன்னு சொல்றது என்ன நியாயம்? அதே சமயம், 19 வயசு மொடானோவை அவரோட ஒரே தராசுல வெச்சதும் நியாயமா தெரியல. ரெண்டு பக்கமும் வலி இருக்கு. விதி ஒரு கோட்டைக் கிழிச்சுது, அவ்வளவுதான்.

இன்னொரு முரணையும் கவனிங்க. டபிள்யூஎச்ஏ-ல ஒரே ஒரு வருஷம் ஆடின கிரெட்ஸ்கி புதுமுகம் இல்ல. கேஎச்எல்-ல பல வருஷம் ஆடின பனாரின் புதுமுகம்! விதியில "பெரிய தொழில்முறை லீக்"னு ஒரு வார்த்தை இருக்கு. எது பெரிய லீக்னு முடிவு பண்றது என்எச்எல்தான். அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான் இந்தச் சண்டை முழுக்க ஒளிஞ்சிருக்கு.

என் ஓட்டு

பனாரின், மெக்டேவிட், கோஸ்டிஸ்பேர். இந்த வரிசையிலதான் எழுதுவேன். உண்மையான முடிவுல பனாரின் முதல், கோஸ்டிஸ்பேர் ரெண்டு, மெக்டேவிட் மூணு. என் வரிசையில கடைசி ரெண்டு பேர் இடம் மாறுது. சண்டை போட வாங்க, நான் ரெடி.

பனாரின் ஏன் முதல்னா, விதி அவரை உள்ள விட்டுடுச்சு. உள்ள விட்ட பிறகு ஓட்டுப் போடறவர் "வயசு அதிகம்"னு தானா மார்க்கைக் குறைச்சா, அது எழுதப்படாத ரெண்டாவது விதி. எந்த அளவுகோல்ல அளக்கிறாங்கன்னு ஆடறவருக்கே தெரியாம போயிடும். கோடு தப்புன்னு தோணினா கோட்டை மாத்தச் சொல்லுங்க. கோட்டுக்குள்ள நின்னவரைத் தண்டிக்காதீங்க.

மெக்டேவிட்டுக்காக வருத்தப்படணுமா? அடுத்த சீசன்லயே 100 பாயிண்ட் எடுத்து ஹார்ட் கோப்பையைத் தூக்கிட்டார். அப்போ வயசு 20. பனாரினும் சும்மா இல்ல, 2023-24-ல 120 பாயிண்ட்.

சரி, அந்த லேப் ஷீல்டை நீங்க யாருக்குக் கொடுப்பீங்க? அண்ணனுக்குக் கொடுக்க மனசு வரலைன்னா, செமஸ்டர் ஆரம்பத்துலயே நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டிடுங்க. அவர் ஜாபை முடிச்சுட்டு நிக்கும்போது சொல்லாதீங்க.