லேபிள் யாருக்குச் சொந்தம்?

மரக்காணம் உப்பளங்களில் பாத்தியிலிருந்து வாரிய உப்பு மூட்டையாகி லாரி ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். பிறகு கையிருப்பை வைத்துத்தான் வியாபாரம். அந்த இருப்பைக் கணக்கிட ஒரு ஃபங்ஷன் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வந்த மூட்டையில் போன மூட்டையைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு எண்களையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் 250 மூட்டை இருப்பு மைனஸ் 250 ஆகிவிடும். இரண்டுமே முழு எண் என்பதால் கம்பைலர் அதைக் கண்டுபிடிக்காது.

இதைத் தடுக்க வந்ததுதான் லேபிள், அதாவது கொடுக்கும் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் எழுதும் பெயர். ஆப்பிளின் சுவிஃப்ட் மொழியில் தமிழிலேயே பெயர் வைக்கலாம்: இருப்பு(வந்தது: 400, போனது: 150). லேபிள்களை மாற்றிப் போட்டால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

ஃபங்ஷனை ஒரு மாறியில் போட்டு வேறிடத்துக்கு அனுப்பும்போதுதான் சிக்கல். 'கணக்கு' என்ற மாறியில் 'இருப்பு' ஃபங்ஷனை வைத்தால், அதன்பின் கணக்கு(150, 400) என்று வெறும் எண்களாகத்தான் அழைக்க முடியும். இடம் மாறியிருப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். 2016இல் வந்த சுவிஃப்ட் 3, எஸ்.இ-0111 என்ற முன்மொழிவின்படி, லேபிளை டைப்பிலிருந்து எடுத்துவிட்டது. இந்த ஃபங்ஷனின் டைப் 'இரண்டு முழு எண் வாங்கி ஒரு முழு எண் தருவது' என்பது மட்டுமே. லேபிள்கள் பெயரின் பகுதி. முழுப் பெயர் இருப்பு(வந்தது:போனது:). மாறிக்குப் போவது டைப் மட்டும்தான், பெயர் போவதில்லை.

ஓகேமல் மொழி நேர் எதிர். அங்கே லேபிள் டைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஃபங்ஷன் எங்கே போனாலும் கூடவே போகும். எல்லா லேபிள்களையும் எழுதி அழைத்தால் வரிசை மாறினாலும் கவலையில்லை. ஆனால் லேபிள் இல்லாத ஃபங்ஷனை எதிர்பார்க்கும் இடத்தில் இதை அப்படியே கொடுக்க முடியாது. நடுவில் இன்னொரு சிறு ஃபங்ஷன் எழுத வேண்டும். பட்டியலை வரிசைப்படுத்துவது போன்ற பொது வேலைகளில் இது அடிக்கடி குறுக்கே வரும். அதனால் சுவிஃப்ட் எடுத்த முடிவு நியாயமானதுதான் என்பது என் கருத்து.

லேபிள் தந்த பாதுகாப்பை இழக்க வேண்டியதும் இல்லை. வந்ததற்கு 'வரவு', போனதற்கு 'அனுப்பியது' என்று தனித்தனி டைப் செய்துவிடுங்கள். டைப் மாறிக்குள்ளும் கூடவே வரும். இடம் மாறினால் கம்பைலர் உடனே பிடித்துவிடும். ஒரே டைப்பில் இரண்டு மதிப்புகள் வாங்கும் ஃபங்ஷனை வேறிடத்துக்கு அனுப்பும் முன், லேபிளை மட்டும் நம்பாதீர்கள்.