வைரஸை ஆராய்ந்து என்ன பயன்?

எம்.எஸ்சி. முடித்த பிள்ளை, 'இன்னும் ஐந்து வருடம் வைரஸைப் பற்றி ஆராயப் போகிறேன்' என்றால், 'அதனால் என்ன பயன்?' என்று பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

தாமிரபரணியில் அள்ளும் ஒரு கைத் தண்ணீரிலும் பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்கள் உண்டு. அவற்றுக்கு ஃபேஜ் என்று பெயர். மனிதரின் உயிரணுக்களை அவை தாக்குவதில்லை.

உடலின் வேதிவினைகளை நடத்தும் நொதிகள் யாவும் புரதமே என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆர்.என்.ஏ.வும் அந்த வேலையைச் செய்யும் என்று கண்டறிந்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் 1989-ல் நோபல் பரிசு பெற்றார்கள். டி4 என்னும் ஃபேஜிலும் அத்தகைய ஆர்.என்.ஏ. இருக்கிறது. தறியில் பழுதான நூலை நெசவாளி வெட்டி முடிச்சிடுவார். இங்கோ நூலே தன் வேண்டாத நடுத்துண்டை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்துக்கொள்கிறது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் நோபல் பரிசு பெற்றது ரைபோசோம் ஆய்வுக்காக. அங்கும் புரதத்தைக் கோக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.தான். பல ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான் முடக்குகின்றன.

இன்று மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவருகின்றன. ஃபேஜைக் கொண்டே அவற்றை ஒழிக்க முயற்சி நடக்கிறது. ஃபேஜ் இயங்கும் விதம் தெரிந்தால்தான் அதை நம்பி நோயாளிக்குக் கொடுக்க முடியும். அந்தப் பிள்ளையின் ஐந்து வருடம் இதற்குத்தான்.

சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-ல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெறுவோருக்கு, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என உதவித்தொகை உயர்ந்திருக்கிறது. பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். புத்தகமோ தேர்வுக் கட்டணமோ தடையானால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம்.