மயிலாப்பூரில் தொடங்கிய கோடு

ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாட்டு இருட்டு. 'அம்புலிமாமா' சிறுவர் இதழைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். விக்கிரமாதித்தன் என்றதும் நம் மனத்தில் வந்து நிற்கிற அந்த ராஜாவை வரைந்தவர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். 2020 செப்டம்பரில், 96 வயதில் மறைந்தார். நான்கு மாதம் கழித்து, 2021 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது. எழுபது ஆண்டு உழைப்புக்கான மரியாதையை அவர் இருக்கும்போதே செய்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

அவரை வடபழனிக்காரர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அம்புலிமாமா அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அவருடைய முதல் வேலை மயிலாப்பூரில். கொங்கு நாட்டுக் காரத்தொழுவில் 1924இல் பிறந்து, சிறுவனாகவே சென்னைக்கு வந்தவர். 1941இல் எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர், பின்னாளில் மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி. படிப்பு முடிந்ததும் 1946இல் 'கலைமகள்' இதழில் ஓவியர் வேலை கிடைத்தது.

அன்றைய மயிலாப்பூர் வக்கீல்களின் ஊர். கலைமகளும் அந்த உலகத்தில் பிறந்ததுதான். 'மெட்ராஸ் லா ஜர்னல்' நடத்திய நாராயணசாமி ஐயர் 1932இல் தொடங்கியது. தீர்ப்புகள் அச்சான கூடத்திலேயே சிறுகதைகளும் அச்சாயின. உ.வே.சா.வின் மாணவர் கி.வா.ஜகந்நாதன் ஆசிரியர். 1950இல் அதே நிறுவனம் குழந்தைகளுக்காகக் 'கண்ணன்' இதழையும் தொடங்கி, எழுத்தாளர் ஆர்வியை ஆசிரியராக உட்கார வைத்தது. எழுதுகிறவர், திருத்துகிறவர், வரைகிறவர், அச்சுக் கோக்கிறவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்த காலம்.

படம் அச்சேறிய விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கரின் கோடு அதில் உருவானது. தடித்த தாளில் இந்தியன் இங்க்கால் பெரிதாக வரைவார்கள். அதைக் கேமராவில் சுருக்கிப் படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரிக்க விட்டு, மரக்கட்டையில் ஆணியடித்தால் பிளாக் தயார். அந்த லைன் பிளாக்குக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. நிழல் வேண்டுமா, கோடுதான் போட்டாக வேண்டும். நெருக்கமாக இழுத்தால் இருட்டு, கொஞ்சம் விலக்கினால் அந்தி, இன்னும் விலக்கினால் நிலா வெளிச்சம். பழைய அம்புலிமாமா கிடைத்தால் சங்கர் வரைந்த காட்டைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மரப்பட்டைக்கு ஒரு திசையில் கோடு, அரசனின் தசைக்கு வேறு திசையில் கோடு. எந்தக் கோடும் இடத்தை நிரப்புவதற்காகப் போட்டதில்லை.

1952இல் நாகிரெட்டி–சக்கரபாணியின் அம்புலிமாமாவில் சேர்ந்தார். தெலுங்கிலும் தமிழிலும் 1947 ஜூலையில் தொடங்கிய இதழ், பிறகு இந்தியாவின் பல மொழிகளுக்கும், சில காலம் சிங்களத்துக்கும் போனது. கதையின் மொழி மாறும், படம் மாறாது. பேச்சுக் குமிழ் இல்லாத படம் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. ஒரிசாவிலும் குஜராத்திலும் உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு அந்த ராஜா அந்த ஊர் ராஜா. வேதாளம் சொன்னதாக மரபில் இருப்பது 25 கதைகள். அம்புலிமாமாவுக்கு அது போதவில்லை. கொடவட்டிகண்டி குடும்பராவ் போன்றவர்கள் புதுப்புதுக் கதைகளை அந்தச் சட்டகத்துக்குள் எழுதினார்கள்; சங்கர் மாதாமாதம் அவற்றுக்கு முகம் கொடுத்தார்.

பக்கத்து மேஜையில் ஓவியர் 'சித்ரா'. ஓவியப் பள்ளிக்கே போகாமல் தானாகக் கற்றவர் அவர்; சங்கர் முறையாகப் படித்தவர். இரண்டு கைகளும் ஒரே இதழில் கால் நூற்றாண்டு சேர்ந்து வரைந்தன. சந்தா கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு எது யார் படம் என்று கையெழுத்தைப் பார்க்காமலே தெரியும்.

1998இல் அம்புலிமாமா நின்றது, ஓராண்டில் மறுபடி வந்தது, 2007இல் மும்பை நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது, அதற்குப் பின் சில ஆண்டுகளில் அடியோடு நின்றுபோனது. சங்கரின் கை மட்டும் நிற்கவில்லை. தொண்ணூறை நெருங்கும் வயதில் அவர் 'ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம்' இதழுக்கு வரையத் தொடங்கினார். அது மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தின் இதழ். 22 வயதில் வேலைக்கு வந்த அதே மயிலாப்பூர்.

இன்றைய மயிலாப்பூர் மாட வீதிகளிலும் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். விடுமுறைக் காலையில் கோபுரத்தையும் பூக்கடையையும் பார்த்து வரையும் இளைஞர்களின் நோட்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கை சுத்தம். பலர் டேப்லெட்டிலேயே வரைகிறார்கள்; பிழையை ஒரு தட்டலில் அழிக்கலாம், நிறத்தை நொடியில் மாற்றலாம், படம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிடும். திறமை குறைந்துவிட்டது என்று பழைய ஆட்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆர்வமும் குறையவில்லை. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது. ஜனவரிப் புத்தகக் காட்சியில் லயன்–முத்து காமிக்ஸ் அரங்கில் நரைத்த தலைகள் பள்ளிப் பிள்ளைகளின் ஆவலோடு நிற்கின்றன. ஆனால் அங்கே அவர்கள் வாங்குவதில் பெரும்பகுதி ஐரோப்பியக் கதைகளின் தமிழாக்கம். நல்ல தமிழாக்கம்தான், எனக்கும் டெக்ஸ் வில்லர் பிடிக்கும். ஆனாலும் நம் ஊர்க் கதையை நம் ஊர் ஓவியர் மாதாமாதம் வரைந்து, பிள்ளைகள் அடுத்த இதழுக்குக் காத்திருப்பது என்பது ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. 1972இல் கல்கி குழுமம் தொடங்கிய 'கோகுல'த்தின் அச்சு இதழும் 2020இல் கொரோனாவோடு போயிற்று.

தொலைந்தது மாதச் சம்பளமும் ஒரு நாற்காலியும். சங்கருக்கு அறுபது ஆண்டு அந்த நாற்காலி இருந்தது. வேதாளத்தின் சிரிப்பை அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் சரியாகப் போடலாம் என்ற அவகாசம் அதனால் கிடைத்தது. இன்றைய இளைஞருக்குப் படத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. வாடகைக்காக விளம்பரத்துக்கு வரைந்து, மிச்ச இரவில் சொந்தச் சித்திரக்கதையை எழுதி வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார். லைக் வருகிறது. இரண்டாவது அத்தியாயம் வருவதற்குள் வாழ்க்கை அவரை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அரசுப் பள்ளிகளுக்காக 2022இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைப் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியது. அந்தக் காலப் பதிப்பாளர் எவருக்கும் வாய்க்காத வாசகர் கூட்டம் அவற்றுக்கு உண்டு. அங்கே ஒரு தொடர் சித்திரக்கதை வேண்டும். அதை எழுதவும் வரையவும் இரண்டு மூன்று இளைஞர்களைச் சம்பளத்தோடு வேலைக்கு எடுத்து, குறைந்தது பத்து ஆண்டு அவர்களை அந்த மேஜையிலிருந்து எழுப்பாமல் இருக்க வேண்டும்.