'இல்லை' என்று எழுதுவதற்கு முன்

அரசுப் பணிக்குத் தேர்வானதும் நிரப்பித் தரச் சொல்லும் சரிபார்ப்புப் படிவத்தில் கைது, வழக்கு, தண்டனை பற்றித் தனித்தனியே கேட்பார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு, கோர்ட்டில் ஒப்புக்கொண்டு பணம் கட்டியவர், "ஃபைன்தானே" என்று 'இல்லை' போட்டுவிடுகிறார். சட்டப்படி அதுவும் தண்டனைதான். திருவிழாத் தகராறில் பெயர் சேர்க்கப்பட்டு விடுதலையானவரோ, "கேஸ்தான் முடிஞ்சிடுச்சே" என்று கைது பற்றிய கேள்விக்கும் 'இல்லை' என்கிறார். காவல் நிலையப் பதிவேட்டில் இரண்டும் இருக்கும். வழக்கைவிட அந்த 'இல்லை'தான் பலரின் வேலையைப் பறிக்கிறது.

2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு வரையறை வகுத்தது. கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லாமல் விட்டால் அது மறைப்பு ஆகாது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளலாம். சாதாரணமல்லாத குற்றத்தில் தண்டனை பெற்றதை மறைத்திருந்தால் நியமனத்தை ரத்து செய்யலாம். பணி நிரந்தரமானவரை நீக்க வேண்டுமானால் துறை விசாரணை நடத்த வேண்டும். கசப்பான பகுதி ஒன்றும் உண்டு: உண்மையைச் சொன்னவரை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை.

தமிழ்நாடு காவல் துறையில் கெடுபிடி இன்னும் அதிகம். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் தொடர்புடையவராகவே பணி விதி கருதுகிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதை ஏற்றது. எனவே விடுதலை கிடைத்தது என்பதோடு, தீர்ப்பில் என்ன வாசகம் இருக்கிறது என்பதும் முக்கியம்.

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு வராது என்கிறது 12-ஆம் பிரிவு. இதை நம்பி 'இல்லை' என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். நீங்குவது தகுதியிழப்பு மட்டுமே. தண்டனை பெற்ற உண்மை அப்படியே இருக்கும். 18 வயதுக்கு முன் நடந்து, இளைஞர் நீதிக் குழுமம் முடித்துவைத்த வழக்குகள் வேறு வகை. அந்தப் பதிவுகளை உரிய காலத்துக்குப் பின் அழிக்கவே 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது.

தனியார் நிறுவனங்களும் இப்போது ஏஜென்சி வைத்து நீதிமன்றப் பதிவுகளைத் தேடுகின்றன.

பழைய வழக்கு இருந்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வையுங்கள். படிவத்தின் கேள்வியை வக்கீலிடம் வரி வரியாகக் காட்டிவிட்டு, வழக்கு எண், சட்டப் பிரிவு, முடிவு மூன்றையும் எழுதி நகலை இணைத்துக் கொடுங்கள்.