டயர் ஊரில் ஒரு பந்து

ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே., சியட் என டயர் ஆலைகள் அடுத்தடுத்து வந்துவிட்ட பகுதி இது. அந்த ஆலைகளின் பொறியாளர்கள் அன்றாடம் மல்லுக்கட்டும் ரப்பரின் குணம் ஒன்று, ஷிப்ட் முடிந்து ஆடும் கூடைப்பந்திலும் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் ஹிஸ்டெரிசிஸ். வாங்கிய ஆற்றலை முழுதாகத் திருப்பித் தராத குணம். நசுங்கும்போதும் மீளும்போதும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. உரசலில் கொஞ்சம் ஆற்றல் சூடாகிப் போய்விடுகிறது.

எவ்வளவு போகிறது? கூடைப்பந்து விதிகளில் நெடுங்காலம் இருந்துவந்த சோதனை ஒன்று உண்டு. பந்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து, அப்படியே விட வேண்டும். துள்ளும் பந்தின் உச்சி 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது, 1.4 மீட்டரைத் தாண்டவும் கூடாது. பந்தின் விட்டமான 24 செ.மீ.யைக் கழித்துக் கணக்குப் போட்டால், ஒரே துள்ளலில் ஏறத்தாழ 40 சதவீத ஆற்றல் காணாமல் போவது தெரியும். உள்ளே அடைபட்ட காற்று நல்ல ஸ்பிரிங்; பந்தைத் தூக்கி எறிவது பெரும்பாலும் அதுதான். ரப்பர் அதில் வரி பிடித்துக்கொள்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் போர்டில் பட்ட பந்து வளையத்துக்குள் அடங்கி விழாது, எகிறிப் பறக்கும்.

டயரில் இதே இழப்பு எரிபொருளைத் தின்கிறது. அதற்காக அதை ஒழித்துவிடவும் முடியாது, மழைச் சாலையில் பிடிமானம் தருவதும் அதுதான். டயர்க்காரர்களின் தலைவலி இங்கேதான்.

வெயிலும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். 25 டிகிரி அறையில் 8 பவுண்டு காற்றடித்த பந்தைக் கத்திரி வெயிலில், 40 டிகிரியில், சிமென்ட் தரைக்குக் கொண்டுபோனால் அழுத்தம் 9 பவுண்டைத் தாண்டிவிடும். சூடான ரப்பரில் இழப்பும் குறையும். காலையில் கைக்கு அடங்கிய பந்து மதியம் துள்ளிக் குதிப்பது ஆடுபவரின் பிரமை அல்ல. டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்க்கச் சொல்வதற்கும் இதே காரணம்தான்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒரு கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார். அதே கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். தமிழகக் கூடைப்பந்தைப் பின்னர் தாங்கியவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே போன்ற நிறுவன அணிகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, வேலையோடு ஆட்டம். பாதித் தொழில்முறை ஆட்டம் என்பதற்கு நம்மூர் வடிவம் இது என்றே சொல்வேன்.

இந்த அணிகளில் ஆண்கள் ஆடுவது 7ஆம் எண் பந்து, பெண்கள் ஆடுவது 6ஆம் எண். முன்னதன் சுற்றளவு சுமார் 75 செ.மீ., பின்னதற்கு 72. எடையிலும் சில பத்து கிராம் குறைவு. பெண்களுக்குக் கூடை போடுவது இதனால் சுலபம் என்று பேசுபவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இருவருக்கும் வளையத்தின் உயரம் 3.05 மீட்டர், அகலம் 45 செ.மீ. சாய்வாக வரும் பந்துக்கு வளையம் ஒடுங்கிய நீள்வட்டமாகிவிடும். 7ஆம் எண் பந்து விளிம்பைத் தொடாமல் நுழைய, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 32 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். 6ஆம் எண்ணுக்கு 31 போதும். ஒரே ஒரு டிகிரி! சிறிய பந்தின் உண்மையான பயன் வளையத்தில் இல்லை, விரல்களில் இருக்கிறது: கைக்குள் அடங்கும் பந்தைத்தான் சுழற்றவும் குறிபார்த்து எறியவும் முடியும்.

ஆகவே கம்பெனிகளுக்கு இடையே போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்கள் பிரிவும் உண்டு என்று நோட்டீஸ் அடிக்கும்போதே 6ஆம் எண் பந்துகளையும் வாங்கிவிடுங்கள். காற்றை ஆட்டம் நடக்கும் தரையில், ஆட்டம் நடக்கும் நேரத்து வெயிலில் வைத்துச் சரிபாருங்கள்.