பெத்தேலுக்கு ஒரு பயணம்



பிழைப்பைத் தேடி நகரத்திற்கு வந்தவர்களே நம்மில் பெரும்பாலோர். சென்னையோ, மும்பையோ, பெங்களூருவோ, கொல்கத்தாவோ, எங்கே குடியிருந்தாலும் நமக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. நம்மைச் சிறுவயதில் அறிந்த ஒருவராவது அங்கே இருக்கிறார். அவரை நீங்கள் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்? வேலை, பிள்ளைகளின் படிப்பு, சபை ஊழியம், பணத்தட்டுப்பாடு என்று காரணங்கள் பல சொல்லலாம். சில வேளைகளில் உண்மையான காரணம் வேறொன்றாயிருக்கும். அதை நாம் ஜெபத்தில்கூட வாய்திறந்து சொல்லுவதில்லை.

எனக்கும் அப்படிப்பட்ட ஒரு காரணம் இருந்தது. அதைச் சாட்சியாகவும் எச்சரிப்பாகவும் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு தொலைபேசி அழைப்பு

எங்கள் தகப்பனார் தென்கிழக்கு இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். நானும் என் அக்காவும் ஹவுராவைச் சேர்ந்த சாந்த்ராகாச்சி இரயில்வே குடியிருப்பில் வளர்ந்தோம். அப்பா ஓய்வு பெற்றபின் பெற்றோருடன் நான் சென்னைக்கு வந்தேன். அக்கா ஹவுராவிலேயே வாழ்க்கைப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார். அம்மா முன்னரே கர்த்தரிடத்தில் சேர்ந்தார். 2012-இல் அப்பாவும் நித்திரையடைந்தார்.

அப்பா கடைசிவரை தம் முன்னோரின் சபையிலேயே இருந்தவர். நானோ முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்திருந்தேன். அடக்க ஆராதனையை எங்கள் போதகரே நடத்தவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "அப்பாவின் விருப்பம் அதுவன்று, தம்பி" என்றார் அக்கா. பிரேதப் பெட்டியின் இருபுறமும் நின்று நாங்கள் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத என் கை கூசுகிறது. முடிவில் என் விருப்பப்படியே எல்லாம் நடந்தது. மறுநாள் அக்கா இரயிலேறிப் போனார். அதன்பின் பதினோராண்டுகள் எங்களுக்குள் பேச்சில்லை. சத்தியத்திற்காக நின்றேன் என்றே அத்தனை காலமும் நான் எண்ணியிருந்தேன்.

2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை. ஹவுராவின் ஷாலிமார் நிலையத்திலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி, ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டத்திலுள்ள பஹாநகா பஜாரில், நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதித் தடம் புரண்டது. எதிர்த்திசையில் சென்ற யஷ்வந்த்பூர் – ஹவுரா வண்டியும் அதில் சிக்கிக்கொண்டது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றிரவு என் தொலைபேசி ஒலித்தது.

"தம்பி, உங்களில் யாரும் அந்த வண்டியில் இல்லையே?"

"இல்லை, அக்கா."

"ஸ்தோத்திரம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலாவது சகோதரனோடே ஒப்புரவாகும்படி நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கட்டளையிட்ட பகுதி (மத்தேயு 5) என் நினைவிற்கு வந்தது. அதை எத்தனையோ முறை பிறருக்குப் போதித்தவன் நான். அன்று அப்பத்தில் கைநீட்ட என்னால் கூடவில்லை.

நான்கு நாள் சாலை

அம்மாவின் தையல் இயந்திரமும் அப்பாவின் வேதாகமமும் அக்காவுக்கே சேரவேண்டியவை. அவற்றை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றாள் என் மனைவி. ஆகவே காரிலேயே போகத் தீர்மானித்தோம். துர்காபூஜை நாட்களில் ஹவுராவிலும் கொல்கத்தாவிலும் வாகனம் செலுத்துவது மிகக் கடினம். எனவே விஜயதசமிக்கு மறுநாள், அக்டோபர் 25-ஆம் தேதி அதிகாலையில், ஜெபித்துப் புறப்பட்டோம். மகனும் நானும் மாறிமாறி ஓட்டினோம்.

வாஜ்பாய் ஆட்சிக்காலத்தில் தொடங்கப்பட்டு, 2012-இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்ட தங்க நாற்கரச் சாலையின் ஒரு பக்கமே சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலை. நாற்கரம் முழுவதும் 5,846 கிலோமீட்டர். இந்தப் பக்கம் மட்டும் 1,684 கிலோமீட்டர். இப்போது இது தேசிய நெடுஞ்சாலை 16 என்று வழங்குகிறது. முதல்நாள் நெல்லூர், ஓங்கோல் வழியாக விஜயவாடா. இரண்டாம் நாள் ராஜமுந்திரிக்கருகே கோதாவரியைக் கடந்து விசாகப்பட்டினம். மூன்றாம் நாள் சிலிகா ஏரியை ஒட்டிச் சென்று புவனேஸ்வரம். நான்காம் நாள் ஹவுரா.

சென்னையில் ஐப்பசி என்றால் அடைமழை. வடக்கே போகப்போக வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒடிசாவைத் தாண்டியபோது வயலோரங்களில் நாணற்பூக்கள் வெண்மையாய் அசைந்துகொண்டிருந்தன. வங்காளத்தில் அவை இலையுதிர்காலத்தின் அடையாளம். ஆண்டுதோறும் அவற்றைப் பறித்து அக்காவின் பின்னலில் செருகி அடிவாங்கிய பையன் நான். மகனிடம் இதைச் சொன்னபோது, "அத்தையைப்பற்றி இப்போதுதான் முதன்முதலாகப் பேசுகிறீர்கள், அப்பா" என்றான்.

பாலேஸ்வரைக் கடக்கையில்

நான்காம் நாள் நண்பகலுக்கு முன் பஹாநகாவை நெருங்கினோம். நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அங்கே அருகருகே செல்லுகின்றன. வண்டியை ஓரமாக நிறுத்தி, அன்று பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்காக ஜெபித்தோம். அங்கே இறந்தவர்களிலும் யாரோ ஒருவர் யாரோடாவது பேசாதிருந்திருப்பார் அல்லவா என்ற நினைவு என்னை வாட்டியது.

பாலேஸ்வரிலிருந்து ஒரு சாலை பாரிபதாவுக்குப் பிரிகிறது. அவ்வூரில் குஷ்டரோகிகளிடையே பல்லாண்டுகள் ஊழியம் செய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவருடைய பிள்ளைகள் பிலிப், தீமோத்தேயு ஆகியோரையும் 1999 ஜனவரி 23-இல் மனோகர்பூர் கிராமத்தில் வாகனத்தோடு எரித்துக் கொன்றார்கள். மூத்தவனுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஆறு வயது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் அம்மையார் அறிவித்ததை நாம் எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்! அவர் மகளோடு இந்தியாவிலேயே தங்கி, கணவரின் ஊழியத்தைச் சில ஆண்டுகள் தொடர்ந்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

அந்தக் கைகாட்டிப் பலகையைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. கணவரையும் இரு மகன்களையும் பறிகொடுத்தவர் மன்னித்தார். நானோ, ஓர் ஆராதனையை யார் நடத்துவது என்பதற்காகக் கூடப்பிறந்தவளைப் பதினோராண்டுகள் ஒதுக்கிவைத்தேன்.

வேதம் வாசித்த இரவு

கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றைக் கடந்தால் ஹவுரா மாவட்டம். பாக்னான், உலுபேரியா ஆகிய ஊர்களைத் தாண்டி, மாலைப்பொழுதில் சிப்பூரிலுள்ள அக்காவின் வீட்டை அடைந்தோம். வார்ப்படத் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அத்தான் வாசலிலேயே காத்திருந்தார். அக்கா சமையலறையிலிருந்து வந்தார். தலை முற்றிலும் நரைத்திருந்தது. சேனைக்கிழங்குக் குழம்பின் வாசனை வந்தது. சாந்த்ராகாச்சிச் சேனை வங்காளமெங்கும் பெயர்பெற்றது. எனக்கு அது பிரியம் என்பதை அவர் மறக்கவில்லை. எல்லாரும் பிரயாணத்தைப்பற்றியே பேசினோம். பேசவேண்டியதை இருவருமே தொடவில்லை.

இரவு குடும்ப ஜெபத்தில் அப்பாவின் வேதாகமத்தை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார் அக்கா. பயணத்திற்குப் பொருத்தமாயிருக்கும் என்று ஆதியாகமம் 35-ஆம் அதிகாரத்தைத் திருப்பினேன். யாக்கோபு நெடுங்காலத்திற்குப்பின் தன் வீட்டாரோடு பெத்தேலுக்குத் திரும்பிப்போகும் பகுதி அது. அந்த அதிகாரம் எப்படி முடிகிறது என்பதை நான் மறந்துவிட்டேன். வயது முதிர்ந்த ஈசாக்கு மரிக்கிறான். முன்னொருகால் அண்ணன் தம்பியைக் கொல்ல நினைத்த வீட்டில், ஏசாவும் யாக்கோபும் இருவருமாகச் சேர்ந்து தகப்பனை அடக்கம்பண்ணுகிறார்கள். அந்தக் கடைசி வசனத்தில் என் குரல் அடைத்துவிட்டது. அக்கா என் பக்கமாகச் சாய்ந்து, அதை அமைதியாக வாசித்து முடித்தார்.

"அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

வெகுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, "அன்று நானும் குறைவாகப் பேசவில்லை, தம்பி. அப்பா கர்த்தரிடத்தில் இருக்கிறார். அவரை ஜெபித்து அனுப்பியது எந்தப் போதகர் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். எழுந்து சாப்பிட வா" என்றார்.

விழுதுகள்

மறுநாள் ஞாயிறு. காலையில் அக்காவின் சபைக்கு நாங்கள் போனோம். மாலையில் எங்கள் விசுவாசத்தார் கூடும் ஓர் ஆராதனைக்கு அவர் வந்தார். அக்கா அன்றே முழுக்கு ஞானஸ்நானத்திற்கு ஒப்புக்கொடுத்தார் என்று எழுதினால் உங்களுக்கு மகிழ்ச்சியாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. உபதேசத்தில் நான் கொண்ட நிச்சயமும் குறையவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். 1907-இல் அசூசா தெரு எழுப்புதலிலிருந்து ஆல்பிரட் கார், லில்லியன் கார் தம்பதியர் கல்கத்தாவுக்கு வந்து பெந்தெகொஸ்தே அனுபவத்தை அறிவித்தார்கள். ஹவுரா பாலத்திற்கு அப்பால் லால்பஜாரில் வில்லியம் கேரியின் காலத்தில் எழுந்த பாப்திஸ்து ஆலயத்திலேயே அவர்களுடைய கூட்டங்கள் நடந்தன. பழைய சபையொன்று அன்று கதவைத் திறந்துகொடுத்தது. அந்தக் கதவை நாம் அடைத்துப்போடலாமா?

திங்களன்று எல்லாருமாக சாந்த்ராகாச்சிக்குப் போனோம். எங்கள் பழைய குடியிருப்பில் இப்போது ஒரு வங்காளிக் குடும்பம் வசிக்கிறது. விஜயதசமி கழிந்தபின் மூத்தோரையும் உறவினரையும் வீடுவீடாகத் தேடிச்சென்று பார்ப்பது அவர்களுடைய வழக்கம். அவர்களும் அப்படியே ஒரு மாமாவைப் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பண்டிகை நமக்குரியதன்று. ஆனாலும் அந்த வழக்கம் நம்மை நாணச்செய்யவில்லையா?

பின்பு சிப்பூர் தாவரவியல் பூங்கா. 1787-இல் ராபர்ட் கிட் தொடங்கிய தோட்டம் அது. வில்லியம் கேரி அத்தோட்டத்தின் கண்காணிப்பாளர் ராக்ஸ்பர்க்கின் நண்பராயிருந்து, அவருடைய தாவரநூலைப் பதிப்பித்தார். அங்குள்ள பெரிய ஆலமரத்திற்கு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வயது. 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் அடிபட்ட அதன் நடுமரத்தைப் பூஞ்சை அரித்தது. 1925-இல் அதை வெட்டி அகற்றிவிட்டார்கள். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளே அதைத் தாங்குகின்றன.

"நடுவில் மரத்தைக் காணோமே என்று அப்பாவிடம் கேட்டாயே, நினைவிருக்கிறதா?" என்றார் அக்கா.

"அப்பா என்ன சொன்னார்?"

"மரம் போய்விட்டது, விழுதுகள் ஒன்றையொன்று விடவில்லை என்றார்."

அவ்வளவில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். நாங்கள் மரத்தைச் சுற்றி நடந்தோம்.

நீங்களும் போவீர்களா?

பிரியமானவர்களே, சாலைவழியே போகிறவர்கள் நாளொன்றுக்கு நானூறு கிலோமீட்டர் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரவில் ஓட்டாதேயுங்கள். இரண்டு மணி நேரத்திற்கொருமுறை இறங்கி இளைப்பாறுங்கள். பிள்ளைகளைக் கூட்டிச்செல்லுங்கள், அவர்கள் தங்கள் அத்தையையும் மாமாவையும் புகைப்படத்தில் மட்டும் அறிந்திருப்பது போதாது. போகிற வீட்டில் உபதேசத்தைத் தர்க்கிக்க முந்தாமல், முதலில் அவர்கள் இட்டதைச் சாப்பிடுங்கள்.

எல்லா வீட்டிலும் கதவு திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் போய்ச் சேருமுன்னே சிலருடைய காலம் முடிந்தும்போகலாம். ஆகையால் தாமதிக்காதேயுங்கள். நான்கு நாள் தொலைவிலிருந்த என் அக்காவிடம் போய்ச்சேர எனக்குப் பதினோராண்டுகள் ஆயின. கர்த்தர் இரங்கி அதுவரை அவரைக் காத்துவைத்தார்.

இந்த இதழை மடித்துவைக்குமுன் ஒரு பெயர் உங்கள் நினைவிற்கு வருமானால், இன்றைக்கே அவரோடு பேசுங்கள். வழியைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.